முப்பத்தொரு ஆம்பியர்

ஜூன் 3, திங்கள்

தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும் என்று ஏஞ்சலின் மிஸ் சொல்லிவிட்டார். "பரீட்சை அன்னைக்குப் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கக் கூடாதுக்கா." ஆறாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவள் நான். அதற்கப்புறம் இந்தக் கை பிடித்ததெல்லாம் கரண்டி, உளி, டெஸ்டர். நகைக்கடையில் சும்மா கொடுத்த டைரி ஒன்று மளிகைச் சாமான் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். எடுத்துப் படிக்கிறவர்களுக்கு ஷாக் அடிக்கும், சொல்லிவிட்டேன்.

பெயர் சண்முகத்தாய். ஊர் கோவில்பட்டி. வீட்டுக்காரர் பரமகுரு, வயர்மேன், லைசென்ஸ் கார்டு வைத்திருக்கிறார். அத்தை மகன், அதனால் அத்தான். கல்யாணமான நாளில் இருந்து அவர் கூட வேலைக்குப் போகிறேன். சுவர் கொத்துவேன், பைப் பதிப்பேன், வயர் இழுத்துக் கொடுப்பேன். போன ஐப்பசியில் இருந்து அத்தானுக்குத் தோள் வலி. அதனால் ஏணியில் நான் ஏறுகிறேன், அவர் கீழே நிற்கிறார். அவ்வளவுதான் மாற்றம்.

இப்போது வயர்மேன் உதவியாளர் பரீட்சை வருகிறது. பாஸ் ஆனால் என் பெயரிலேயே கார்டு. அதற்காக ஐ.டி.ஐ.யில் சாயங்கால வகுப்பு. ஒரு அறை நிறைய ஆம்பளைகள், நான் ஒருத்தி பொம்பளை. அத்தான் போகாதே என்றார். போய்விட்டு வந்து ரசம் வைத்தேன்.

ஜூன் 5, புதன்

இன்று மிஸ் முக்கோணம் போட்டார். உச்சியில் வோல்ட், கீழே இடது பக்கம் ஆம்பியர், வலது பக்கம் ஓம். எது வேண்டுமோ அதை விரலால் மூடிக்கொள்ள வேண்டுமாம். மிச்சம் இருப்பது எப்படி நிற்கிறதோ, அப்படிக் கணக்குப் போட வேண்டுமாம். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெருக்கு. மேலும் கீழுமாக நின்றால் வகு.

"மிஸ், இது எங்க வீடு" என்றேன். "மேல மாமியா. கீழ ரெண்டு மருமக. ஒருத்தி ஏறினா இன்னொருத்தி இறங்கணும்."

வகுப்பே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்காமல், "சரியாச் சொன்னீங்கக்கா. வோல்ட் மாறாம இருந்தா, ஓம் கூடக் கூட ஆம்பியர் குறையும்" என்று போர்டில் எழுதிப் போட்டார். மிஸ்ஸுக்கு இருபத்தெட்டு வயசுதான் இருக்கும். என்னை மாதிரி வாயாடிகளைப் பத்துப் பேரைப் பார்த்தவர் போல இருக்கிறது.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். அது சுலபம். மாமியாரும் ஒரு மருமகளும் சேர்ந்தால் எவ்வளவு வேலை நடக்கும் என்பது அது.

பக்கத்து பெஞ்சில் கொம்பையா. எங்கள் கான்ட்ராக்டர் ராஜாமணி அண்ணாச்சியிடம் வேலை பார்க்கிற பையன்தான். பையன் என்ன பையன், இரண்டு பிள்ளைக்கு அப்பன். "மதினி, நீங்க பாஸ் ஆயிட்டா எங்க பொழப்பு என்ன ஆகுறது?" என்றான். "ஏணியப் பிடிக்க ஆளு வேணும்ல, வந்து சேருடே" என்றேன்.

ஜூன் 6, வியாழன்

ரேஷனில் பாமாயில் இல்லை. துவரம்பருப்பு உண்டு, ஆனால் மெஷின் வேலை செய்யவில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் அத்தான் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். "ஏன் லைட்டப் போடல?" என்றால், "கரண்டு மிச்சம்" என்கிறார். ஸ்விட்சைப் போட்டேன். ஃபேனையும் போட்டேன். வேர்த்து ஒழுகிக்கொண்டு மிச்சம் பிடிக்கிறார், மகராசன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று மிஸ்ஸோடு சண்டை. நான் தோற்றேன். ஆனால் சுலபமாகத் தோற்கவில்லை.

நேற்று வீட்டுக்கணக்கு கொடுத்தார். நூறு வாட் குண்டு பல்பு, இருநூற்று முப்பது வோல்ட், அதன் ஓம் எவ்வளவு? எல்லாரும் முக்கோணத்தைப் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நான் நேராக நம் டெஸ்ட் லேம்ப்பில் இருந்த நூறு வாட் பல்பைக் கழற்றி, மீட்டரை வைத்துவிட்டேன். நாற்பது காட்டியது. நாற்பது என்று எழுதிக்கொண்டு போனேன். மிச்சப் பேர் எல்லாம் ஐந்நூறு, ஐந்நூற்று முப்பது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

"மிஸ், இவங்க எல்லாம் காகிதத்துல போட்டிருக்காங்க. நான் பல்பையே கேட்டேன். பல்பு நாப்பதுன்னு சொல்லுது."

"பல்பு அப்ப எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சாக்கா?"

"எரியும்போது அதுல மீட்டரை வச்சா பல்போட மீட்டரும் சேர்ந்து எரியும் மிஸ்."

"அதான்க்கா விஷயம்."

பிறகு செய்து காட்டினார். பல்பை எரியவிட்டு, குறுக்கே வோல்ட் மீட்டர், வரிசையில் ஆம்பியர் மீட்டர். இருநூற்று முப்பது. பாயிண்ட் நாலு மூன்று. வகுத்தால் ஐந்நூற்று முப்பத்தைந்து. உள்ளே இருக்கிற கம்பி தூங்கும்போது நாற்பது ஓம்தானாம், வெந்து வெள்ளையாகிவிட்டால் ஐந்நூறுக்கு மேல் போய்விடுமாம். எரிகிறதைத் தொட்டு அளக்க முடியாது. அதில் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று வெளியே இருந்து பார்த்துத்தான் உள்ளே எவ்வளவு மறிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கொம்பையா, "மதினி, பல்பு உங்களை ஏமாத்திருச்சே" என்றான். "தூக்கத்துல இருக்கிறவன்கிட்ட கேள்வி கேட்டா நீயும் அப்படித்தான் உளறுவ" என்றேன்.

ஆனாலும் நாற்பது என்று எழுதின அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஜூன் 13, வியாழன்

விண்ணப்பத்தோடு அனுபவச் சான்று வைக்க வேண்டுமாம். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் ஒருவர், இந்தப் பொம்பளை என்னிடம் இத்தனை வருஷம் வேலை பார்த்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் வாங்கவே மாட்டார்களாம்.

ராஜாமணி அண்ணாச்சி கடைக்குப் போனேன். "ஏணி பிடிச்சதுக்கெல்லாம் சான்று கேக்குதியே தாயி, அப்ப டீ வாங்கிட்டு வந்த பயலுக்கும் குடுக்கணுமே" என்றார். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். போன ஐப்பசியில் இருந்து அவருடைய ஆறு சைட்டிலும் போர்டு கட்டினது யார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப பரமகுரு என்ன செஞ்சான்?"

அத்தானுக்குத் தோள் வலி என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

தைலம் வாங்கி வந்தேன். தேய்த்துவிடட்டுமா என்றால், எந்தத் தோள் என்று கேட்கிறார்.

ஜூன் 20, வியாழன்

இன்று பாதுகாப்புப் பாடம். மனுஷ உடம்புக்கும் ஓம் உண்டாம். காய்ந்த தோலுக்கு நிறைய. நனைந்த தோலுக்கு ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொன்னார் மிஸ். இதயத்தை நிறுத்த ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு போதுமாம்.

இருநூற்று முப்பதை ஆயிரத்தால் வகுத்தேன். பாயிண்ட் இரண்டு மூன்று.

வீட்டுக்கு வந்து மறுபடி வகுத்தேன். அதேதான் வருகிறது.

போன ஐப்பசியில், அந்தத் தோட்டத்து மோட்டார் ரூமில், நல்ல மழை. அத்தான் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கரண்டு அடித்துச் சுவர் ஓரமாகத் தூக்கி எறிந்தது. எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல" என்றார்.



ஜூன் 21, வெள்ளி

அத்தானுக்கு இரண்டு முட்டை வைத்தேன். எதற்கு என்றார். கோழி கூட ஒன்று போட்டுவிட்டது என்றேன். நம்மிடம் ஏதுடி கோழி என்றார்.

ஜூன் 27, வியாழன்

சண்டை. மிளகாய் அரைக்கப் போன நேரத்தில் அத்தான் என் முக்கோணத்தாள்களை எல்லாம் பீரோ மேல் தூக்கி வைத்திருக்கிறார். முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். ஏணி ஏறுகிறவளிடம் பீரோ என்ன செய்யும்?

"போதும்டி. எனக்குக் கார்டு இருக்கு. அது போதாதா நமக்கு?"

"உங்க கார்டு உங்களுக்கு. என் கார்டு எனக்கு. ஒரு தட்டுலயா சாப்பிடுறோம்?"

"கார்டு வந்தா தனியாப் போவ."

"போவேன்."

"தனியாப் போனா கீழ யாரு நிப்பா?"

"நீங்க நில்லுங்க. நான் கூப்பிட்டா வரமாட்டேன்னா சொல்லப் போறீங்க?" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போகும்போது லைட்டை அணைக்காமல் போனார். அவர் எங்கே அணைப்பார், போடவே மாட்டாரே.

நான் பரீட்சை எழுதத்தான் போகிறேன். அவர் கோபப்படட்டும். ராஜாமணி அண்ணாச்சி சிரிக்கட்டும். எழுதத்தான் போகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். கல்யாண மண்டபத்தில் வேலை, அத்தானும் நானும் போனோம், கொம்பையா எங்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றான். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், நாளைக்கே சமையல்காரர்கள் வந்துவிடுவார்கள். அடுப்பங்கரையில் புதிதாக இரண்டு வாட்டர் ஹீட்டரும் ஒரு பெரிய கிரைண்டரும் இறக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால், லோடு கூடினால் தானே அணைகிற ஸ்விட்ச், அந்த எம்.சி.பி. பட்டென்று விழுகிறது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தபடி, "பதினாறு ஆம்பியர் போட்டிருக்கு, அதான் விழுது. நாப்பதைப் போட்டு விடுங்க. ஏ தாயி, நீதான் படிக்கியாம்ல, நீயே மாட்டு. மாட்டிட்டு இறங்கு, இங்கனக்குள்ளயே கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றார். பேனாவை வேறு எடுத்துக் காட்டினார். அன்றைக்குச் சிரித்தவர் இன்றைக்கு இறங்கி வருகிறாரே என்று எனக்கும் நெஞ்சுக்குள் பூ பூத்தது. பொய் சொல்வானேன்.

ஹீட்டரில் எழுதியிருந்தது, ஒவ்வொன்றும் மூவாயிரம் வாட். கிரைண்டரில் மாவு படிந்து எழுத்தே தெரியவில்லை. கொம்பையாவிடம், வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டரை வாங்கி, கிரைண்டரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஐந்து ஆம்பியர்.

பிறகு மெயின் போர்டில் மூன்று ஃப்யூஸ் கேரியரையும் பிடுங்கி அத்தானிடம் கொடுத்தேன். இது எங்கள் வழக்கம். மேலே ஒருவர் வேலை செய்யும்போது கேரியரைக் கழற்றிக் கீழே நிற்கிறவர் சட்டைப் பையில் போட்டுவிட வேண்டும். அது பையில் இருக்கிற வரைக்கும் எந்தப் பிரகஸ்பதியும் கரண்டை விட முடியாது.

ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே போகிற வயர் ஒன்றரை ஸ்கொயர்தான், மெல்லிசு. லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுக்கிற வயர். தொட்டுப் பார்த்தால் மேல் தோல் ஏற்கெனவே கொஞ்சம் இளகிக் கிடக்கிறது.

காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து அங்கேயே சுவரில் கணக்குப் போட்டேன். முதலில் பதினெட்டு வந்தது. ஒரு ஹீட்டரை விட்டுவிட்டேன். மறுபடி போட்டேன். ஐந்தை இருநூற்று முப்பதால் பெருக்க, கிரைண்டர் ஆயிரத்து நூற்றைம்பது. ஹீட்டர் இரண்டும் ஆறாயிரம். மொத்தம் ஏழாயிரத்து நூற்றைம்பது. இருநூற்று முப்பதால் வகுத்தால் முப்பத்தொன்று.

முப்பத்தொரு ஆம்பியர். அந்த வயர் பதினைந்துக்கு மேல் தாங்காது. எம்.சி.பி. சும்மா விழவில்லை, வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்கிறது. கத்துகிறதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு ஊமையை மாட்டச் சொல்கிறார். அடுப்பங்கரைக்கு நேர் மேலே பொம்பளைகளும் பிள்ளைகளும் படுக்கிற அறை.

ஏணியில் இருந்தே சொன்னேன். "அண்ணாச்சி, இது ஆகாது. வயரை மாத்தணும்."

"வயரை மாத்த சுவரை உடைக்கணும் தாயி. பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம் ஆகல. தாங்கும். ரெண்டு நாளைக்குத்தான."

"ரெண்டு நாளைக்கு மட்டும் எரிஞ்சிட்டு அணையுற தீ எந்தக் கடையில விக்குது அண்ணாச்சி? சொல்லுங்க, வாங்கிட்டு வாரேன்."

"உன் வாய் இருக்கே." பேனாவை ஆட்டிக் காட்டினார். "இது வேணுமா, வேண்டாமா?"

பார்த்தேன். நீல மை. மூடியில் தங்கக் கலர். வேண்டும்தான். அதற்காக எத்தனை நாள் அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறேன்.

ஏணியை விட்டு இறங்கிவிட்டேன்.

அண்ணாச்சி கொம்பையாவைப் பார்த்தார். "ஏல, நீ ஏறு." கொம்பையா சுவரில் இருந்த என் கணக்கைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "கேரியரு பரமகுரு அண்ணன்கிட்ட இருக்கு அண்ணாச்சி. அது இல்லாம மாட்டினாலும் ஓடுதான்னு பாக்க முடியாதே." கெட்டிக்காரப் பயல்.

அண்ணாச்சி கையை நீட்டினார். "பரமகுரு, கேரியரைக் குடு."

அத்தான் வலது கையைத் தூக்கிச் சட்டைப் பை மேல் வைத்து மூடிக்கொண்டார். வலது தோளோ இடது தோளோ, வலி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

"தர மாட்டேன் அண்ணாச்சி."

"அப்ப உன் பொண்டாட்டிக்குக் கையெழுத்து வேண்டாமா?"

"வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? கையெழுத்து கேட்டது நான். அதனால் அவரைவிடச் சத்தமாக நானே சொன்னேன், "வேண்டாம்."

மூன்று கேரியரும் பையில் கடகடக்க, அவர் முன்னால் நடந்தார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீ குடித்தோம். அவர் எனக்கு வடை இரண்டு சொன்னார்.

ஜூலை 10, புதன்

மண்டபம் முழுக்க இருட்டாகக் கிடக்க, மேனேஜர் அண்ணாச்சியை நாலு வாங்கு வாங்கிவிட்டாராம். மத்தியானம் கொம்பையா ஓடி வந்தான். "மதினி, புதுசா ஆறு ஸ்கொயர் வயரை வெளிச்சுவர் வழியா இழுக்கச் சொல்லிட்டாரு. கேரியரைக் குடுக்கச் சொல்லுங்க." அத்தான் உள்ளே இருந்து, "வயர் எங்கடா, காட்டு முதல்ல" என்றார். காட்டிய பிறகுதான் கொடுத்தார்.

ஒருத்தனாக அவ்வளவு பெரிய வயரை இழுக்க முடியாது என்று நானும் போனேன். அண்ணாச்சி அங்கேயேதான் இருந்தார். என் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காகக் கழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்குத்தான் இன்றைக்குத் தைலம் தேவைப்படும்.

ஜூலை 15, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக நடந்ததாம். அண்ணாச்சி என் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இருபத்தாறு. மிஸ்ஸிடம் சொன்னேன். "வேற கான்ட்ராக்டர்கிட்ட வேலை பாத்ததில்லையாக்கா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். எட்டயபுரத்தில் அந்தோணிமுத்து அண்ணனிடம், கல்யாணமான புதிதில் எட்டு வருஷம். பெரிய சண்டை போட்டுக்கொண்டு வந்தார் அத்தான். அந்தப் பெயரை வீட்டில் எடுத்தால் சோற்றுத்தட்டு பறக்கும்.

எடுத்தேன். தட்டு பறக்கவில்லை. "நாளைக்குக் காலையில கிளம்பு" என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

அந்தோணிமுத்து அண்ணனுக்கு முடி எல்லாம் நரைத்துவிட்டது. எங்களைப் பார்த்ததும், "வாரும் வே, உயிரோடதான் இருக்கீரா?" என்றார். அத்தான் உட்காரவில்லை. வந்த விஷயத்தை நான்தான் சொன்னேன்.

"எங்கிட்ட எட்டு வருஷம் வேலை பாத்தா, அது நெசம். எழுதித் தாரேன். ஆனா அப்ப சுவர் கொத்துவா, வயர் எடுத்துக் குடுப்பா. போர்டுல கை வச்சது கிடையாது. இப்ப தெரியுமா அவளுக்கு? நாளைக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் பேருல்லா நிக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். அத்தான் முந்திக்கொண்டார்.

"போன ஐப்பசியில எனக்கு அடிச்சிருச்சு வே. அதுல இருந்து தொட முடியல. வீட்டு ஸ்விட்சக் கூடத் தொட மாட்டேன். ஒம்போது மாசமா எல்லா வேலையும் இவதான். பெட்டி கட்டுறது, எர்த் போடுறது, எல்லாம் இவ கை. நான் கீழ நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

கடையில் கூலியாட்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்பதுபோல் சொன்னார்.

"உக்காரும் வே" என்றார் அந்தோணிமுத்து அண்ணன். அத்தான் உட்கார்ந்தார். எனக்கும் ஒரு நாற்காலி வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில், அவர் கையெழுத்துப் போட்டுத் தந்த சான்று என் மடியில் இருந்தது. ஜன்னல் காற்று என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 18, வியாழன்

விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அத்தான் கணக்குக் கேட்கிறார், நான் பதில் சொல்கிறேன். "இருநூத்தி முப்பது வோல்ட், அஞ்சு ஆம்பியர், ஓம் எவ்வளவு?" "நாப்பத்தாறு." "வாட்?" "ஆயிரத்து நூத்தைம்பது." "இட்லிக்கு மாவு?" "நீங்க ஆட்டுங்க, நான் படிக்கேன்." ஆட்டினார். கிரைண்டர் ஸ்விட்சை மட்டும் நான் போட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

பரீட்சை. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஒரே ஆம்பளைக் கூட்டம். கொம்பையா வேப்பமரத்தடியில் நின்று முக்கோணத்தைக் காற்றில் வரைந்துகொண்டிருந்தான். மணி அடித்ததும் எல்லாரும் முண்டிக்கொண்டு போனார்கள். நானும் அத்தானும் கேட் பக்கம் போனதும் வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினார்.

"பரீட்சை எழுதுறவங்க மட்டுந்தான் உள்ள. கூட வந்தவங்கல்லாம் வெளிய நிக்கணும்." என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் என் கையில் இருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டார். "சரி வே" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.